வாளைக் கழற்றிய சாமுராய்கள்

1871 ஆகஸ்ட் 29 அன்று டோக்கியோவில் இருந்த டைம்யோக்கள் அரண்மனைக்கு அழைக்கப்பட்டு, அவர்கள் முன் ஓர் ஆணை வாசிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் ஆண்டுவந்த சமஸ்தானங்கள் அன்றோடு ஒழிந்தன. அவை இனி நடுவண் அரசு அனுப்பும் அதிகாரிகள் நிர்வகிக்கும் மாவட்டங்கள். சுமார் 260 சமஸ்தானங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் படை, தனிக் கருவூலம், தனி வரி என்று இரண்டரை நூற்றாண்டு நீடித்த ஏற்பாடு ஒரே நாளில் முடிந்தது. எதிர்த்து ஒரு படைகூடத் திரளவில்லை.

இந்த ஆணைக்குப் பின்னால் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த டைம்யோக்களிடம் ஊழியம் செய்த கீழ்நிலை, இடைநிலைச் சாமுராய் குடும்பங்களில் பிறந்தவர்கள். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருந்தவர்கள். மெய்ஜி காலத்து ஜப்பானை உருவாக்கியவர்கள் என்று வரலாறு நினைவில் வைத்திருப்பது இவர்களைத்தான். இவர்கள் எப்படி மேலே வந்தார்கள், தாம் பிறந்த வர்க்கத்தையே ஏன் கலைத்தார்கள், அதிகாரத்தை எந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள் என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மூன்றாவதற்கு விடை தேடாமல் முதல் இரண்டை மட்டும் வியந்து பேசுவது வழக்கமாகிவிட்டது.

சத்சுமா சமஸ்தானத்தின் தலைநகரான ககோஷிமாவில் கீழ்நிலைச் சாமுராய்கள் நெருக்கமாகக் குடியிருந்த ஒரு தெரு கஜியா. சைகோ தகாமோரியும் ஒகுபோ தோஷிமிச்சியும் அந்தப் பகுதியில் வளர்ந்த நண்பர்கள். சமஸ்தானத்து வாரிசுப் பூசலில் ஒகுபோவின் தந்தை நாடுகடத்தப்பட, குடும்பம் வறுமையில் விழுந்தது. சைகோவும் பின்னாளில் தெற்குத் தீவுகளுக்கு இரண்டு முறை நாடுகடத்தப்பட்டார். வடக்கே சோஷு சமஸ்தானத்தில் இட்டோ ஹிரோபுமி ஒரு விவசாயியின் மகன். தந்தை தத்துப் போனதால் காலாட்படை வீரர் குடும்பம் என்ற அடையாளம் பிறகு கிடைத்தது. யமகதா அரிதோமோவும் அதே அடித்தட்டுதான். கிடோ தகாயோஷி ஒரு மருத்துவரின் மகன், சாமுராய் வீட்டுக்குத் தத்துப் போனவர். இவர்களோடு சேர்ந்த இவாகுரா தொமோமி கியோட்டோ அரசவைப் பிரபு என்றாலும் அங்கே கீழ்ப்படியில் இருந்தவர்.

அறிவும் படிப்பும் இருந்தும் பிறப்பின் காரணமாக மேலே ஏற முடியாத இளைஞர்கள் ஜப்பானின் எல்லாச் சமஸ்தானங்களிலும் இருந்தார்கள். சத்சுமாவிலும் சோஷுவிலும் இருந்தவர்கள் மட்டும் வென்றதற்கு வேறு காரணம் வேண்டும். அது 1600இல் நடந்த செகிகஹாரா போரிலிருந்து தொடங்குகிறது. டொகுகாவா குடும்பத்தை ஷோகன் என்ற படைத்தலைமை ஆட்சிப் பதவிக்கு ஏற்றிய அந்தப் போரில் இரு சமஸ்தானங்களும் தோற்ற பக்கம் நின்றவை. ஜப்பானில் நிலத்தின் மதிப்பை அரிசி விளைச்சலால் அளந்தார்கள். ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி ஒரு கொக்கு. போருக்கு முன் சுமார் 12 இலட்சம் கொக்கு வைத்திருந்த சோஷுவின் மோரி குடும்பத்துக்குப் பின்பு மிஞ்சியது 3.7 இலட்சம் கொக்கு. சத்சுமா தன் நிலத்தைக் காத்துக்கொண்டது, ஆனால் ஷோகனின் தலைநகரான எதோவின் ஆட்சியில் பங்கு இல்லாமல் தொலைவில் வைக்கப்பட்டது. வீரர்களை விட்டுவிடாததால் இரு இடங்களிலும் சாமுராய் தொகை மிகுதி. சத்சுமாவின் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் சாமுராய் குடும்பத்தவர். நாடு முழுவதும் பார்த்தால் அது நூற்றுக்கு ஐந்தாறுதான்.

பகை மட்டும் இருந்தால் போதாது, பணமும் வேண்டுமே. 1830களில் இரு சமஸ்தானங்களும் கடனில் மூழ்கிக் கிடந்தன. சத்சுமா தன் 50 இலட்சம் ரியோ கடனை 250 ஆண்டுகளில் அடைப்பதாக வணிகர்களுக்குச் சொல்லிவிட்டு, அமாமி தீவுகளின் சர்க்கரையை முழு ஏகபோகமாக்கியது, ரியூக்யூ வழியே சீன வணிகத்தையும் நடத்தியது. கரும்பு விளைவித்த அத்தீவு மக்களின் துயரம் பெரிது. பின்னாளில் சத்சுமா வாங்கிய பீரங்கிகளிலும் கப்பல்களிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது என்பதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

1853 ஜூலையில் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் எதோ விரிகுடாவுக்குள் வந்தன. 1858இல் கையெழுத்தான ஒப்பந்தங்கள் இரண்டு உரிமைகளைப் பறித்தன. ஜப்பானில் குற்றம் செய்யும் மேலைநாட்டாரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது. இறக்குமதித் தீர்வையை ஜப்பான் தன் விருப்பப்படி விதிக்க முடியாது. பேரரசரின் இசைவு இல்லாமல் ஷோகன் அரசு இதில் கையெழுத்திட்டதே எதிர்ப்பாளர்களுக்குக் கிடைத்த ஆயுதம். சோஷுவின் ஹகி நகரில் ஒரு சிறு பள்ளி நடத்திய யோஷிதா ஷோயின் அந்த எதிர்ப்பின் ஆசிரியர். இட்டோவும் யமகதாவும் அங்கே படித்தவர்கள். ஷோயின் 1859இல் சாமுராய்க்குரிய மதிப்பும் தரப்படாமல் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

இவர்களின் மனமாற்றத்துக்கு இட்டோவின் வாழ்க்கையே போதுமான சான்று. 1863 ஜனவரி இறுதியில், எதோவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் தூதரகத்துக்குத் தீ வைத்த கூட்டத்தில் அவர் இருந்தார். நண்பர் இனோவே கவோருவும் உடன் இருந்தார். அந்நியரை விரட்டுவது அன்று அவர்களின் ஒரே கொள்கை. அதே ஆண்டின் நடுவில் இருவரும் வேறு மூவரோடு சட்டத்தை மீறி இரகசியமாக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தார்கள். தங்கள் சமஸ்தானம் மேலைநாட்டுக் கப்பல்களைச் சுட்டதையும் பதிலடி வரப்போவதையும் கேள்விப்பட்டு 1864இல் அவ்விருவரும் அவசரமாகத் திரும்பி, போர் வேண்டாம் என்று மன்றாடினார்கள். பலிக்கவில்லை. செப்டம்பரில் நான்கு நாடுகளின் கப்பற்படை ஷிமோனோசெகியின் பீரங்கி மேடைகளை நொறுக்கியது. முந்தைய ஆண்டே ககோஷிமா பிரிட்டிஷ் குண்டுகளில் எரிந்திருந்தது. அந்நியரை வெறுத்தவர்கள் அந்நியரிடம் கற்கத் துணிந்தது அவர்களை விரும்பியதால் அன்று. அவர்களுக்குச் சமமாக நிற்க வேறு வழியில்லை என்று கண்ணால் கண்டதால். இந்த ஒரு எண்ணம் கடைசிவரை இவர்களை விடவில்லை. அதன் நன்மையும் கேடும் பின்னால் தெரிந்தன.

1866இல், நெடுநாள் பகைவர்களான இரு சமஸ்தானங்களும் தோசா சமஸ்தானத்துச் சகாமோட்டோ ரியோமாவின் முயற்சியால் கைகோத்தன. 1868 ஜனவரி 3 அன்று கியோட்டோ அரண்மனையைத் தம் படைகளால் காவலிட்டுக்கொண்டு, ஆட்சி பேரரசரிடம் திரும்பியது என்று அறிவித்தார்கள். பேரரசருக்கு அப்போது வயது 15. ஷோகனின் படைகள் டோபா-ஃபுஷிமியில் தோற்றன. எதோ பெரும்போர் இல்லாமல் சரணடைந்து, டோக்கியோ என்று புதுப்பெயர் பெற்றது. வடக்கே ஹகோடதேவில் கடைசி எதிர்ப்பு 1869 நடுவில் ஓய்ந்தது.

புதிய ஆட்சியின் அமைப்பை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். எல்லா ஆணையும் பேரரசர் பெயரில் வந்தது. முடிவெடுத்தவர்களோ அவருக்குப் பின்னால் இருந்த பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்குள் ஒரு தனித் தலைவர் இல்லை. பேசி, சண்டையிட்டு, சமாதானமாகி ஒரு முடிவுக்கு வந்தபின் அதைப் பேரரசரின் திருவுளம் என்று வெளியிட்டார்கள். டைம்யோவையே எதிர்த்துப் பேச முடியாத பிறப்புடையவர்களுக்கு இதைவிடப் பெரிய கவசம் இல்லை. 1871இல் ஆணை எதிர்ப்பின்றி நிறைவேறியதற்கு இதுவும் ஒரு காரணம். சத்சுமா, சோஷு, தோசா மூன்றிலிருந்தும் வீரர்களை முன்கூட்டியே டோக்கியோவில் குவித்திருந்தது இன்னொன்று. ஆனால் பெரிய காரணம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. பல சமஸ்தானங்கள் திவாலின் விளிம்பில் நின்றன. அவற்றின் கடனையும், சாமுராய்களுக்குத் தரவேண்டிய பரம்பரை மானியத்தையும் புதிய அரசு ஏற்றுக்கொண்டது. டைம்யோவுக்குச் சமஸ்தான வருவாயில் பத்தில் ஒரு பங்கு அவர் சொந்தமாகக் கிடைத்தது. ஆளும் தொல்லை போய் வருமானம் மட்டும் நின்றது. யார்தான் வாளெடுப்பார்?

நான்கு மாதங்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 23 அன்று, இந்த அரசின் பாதி கப்பலேறிப் போனது. இவாகுரா தலைமையில் ஒகுபோ, கிடோ, இட்டோ உள்ளிட்ட தூதுக்குழு, மாணவர்களையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டோர், அமெரிக்காவும் ஐரோப்பாவும் சென்றது. மாணவிகளில் ஒருத்தியான சுடா உமேகோவுக்கு ஆறு வயது. பின்னாளில் பெண்களுக்கான கல்லூரி நிறுவியவர் அவர். ஒப்பந்தங்களைத் திருத்தும் பேச்சு வாஷிங்டனிலேயே முடங்கிவிட்டது. தொழிற்சாலைகள், சிறைகள், பள்ளிகள், நாணயச் சாலைகள் என்று பார்த்துக்கொண்டே போனார்கள். 1873 மார்ச்சில் பெர்லினில் விருந்தளித்த ஜெர்மனியின் சான்சலர் பிஸ்மார்க், பன்னாட்டுச் சட்டம் வலியவர்களுக்கு உதவும்வரைதான் மதிக்கப்படும், சிறிய நாடு தன் பலத்தையே நம்ப வேண்டும் என்ற கருத்தில் பேசினார். பத்தாண்டு முன்னர் குண்டு விழுந்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று, உறுதிப்பாடு.

அவர்கள் இல்லாத நாளில் பெரிய மாற்றம் எதுவும் செய்வதில்லை என்று டோக்கியோவில் இருந்தவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் 1872இல் கட்டாயத் தொடக்கக் கல்வி, 1873 ஜனவரியில் கட்டாய இராணுவச் சேவை, ஜூலையில் நிலவரிச் சீர்திருத்தம் என்று மூன்று அடித்தளங்களையும் அந்தப் பொறுப்பு அரசுதான் இட்டது. இராணுவச் சேவைக்குப் பின்னால் இருந்தவர் யமகதா. இருபது வயதான விவசாயி மகனும் துப்பாக்கி ஏந்துவான் என்றால், போர்செய்யும் உரிமை பிறப்பால் வந்தது என்ற சாமுராயின் கடைசி நியாயமும் போய்விடுகிறது. அதைச் செய்தவரும் ஒரு சாமுராய்.

உடைவும் அதே ஆண்டில் வந்தது. புதிய ஜப்பானிய அரசை ஏற்க மறுத்த கொரியாவுக்குத் தன்னைத் தூதராக அனுப்ப வேண்டும், அங்கே தான் கொல்லப்பட்டால் போருக்குக் காரணம் கிடைக்கும் என்று சைகோ தோசாவின் இதாகாகி தாய்சுகேவுக்குக் கடிதம் எழுதினார். ஆட்சிக்குழு சம்மதித்துவிட்டது. ஐரோப்பாவிலிருந்து திரும்பியவர்கள் நாடு இருக்கும் நிலையில் போர் தற்கொலை என்று எதிர்த்தார்கள். அக்டோபரில் ஆட்சிக்குழுத் தலைவர் சஞ்ஜோ நோய்வாய்ப்பட, அவர் இடத்தில் அமர்ந்த இவாகுரா பேரரசரிடம் நேரே சென்று முடிவை மாற்றிக்கொண்டு வந்தார். சைகோவும் இதாகாகியும் மற்றும் மூவரும் விலகினார்கள். பேரரசரின் திருவுளம் இம்முறை கூட்டாளிகளுக்கு எதிராகவே பயன்பட்டது.

ஒகுபோவை இந்த இடத்தில் அமைதி விரும்பி என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. அடுத்த ஆண்டே அவரது அரசு தைவான் மீது படையெடுத்தது. 1876இல் போர்க்கப்பல்களைக் காட்டிக் கொரியாவிடம் பெற்ற ஒப்பந்தம், ஜப்பான் மீது மேலைநாடுகள் சுமத்தியவற்றின் நேர்ப்படி. எப்போது என்பதில்தான் நண்பர்களுக்குள் வேறுபாடு இருந்தது.

சாமுராய்களின் மானியம் அரசின் செலவில் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டிருந்தது. குடும்பத்தாரையும் சேர்த்துச் சுமார் 19 இலட்சம் பேர். 1876இல் வாள் அணிவது தடை செய்யப்பட்டது. மானியம் கட்டாயமாகக் கடன்பத்திரங்களாக மாற்றப்பட்டது, மொத்தம் ஏறத்தாழ 17 கோடி யென். கீழ்நிலைச் சாமுராய்க்குக் கிடைத்த வட்டியில் குடும்பம் நடத்த முடியவில்லை. 1877 பிப்ரவரியில் ககோஷிமாவில் சைகோவின் தலைமையில் கலகம் வெடித்தது. அவரை எதிர்த்து நின்ற படையைத் திரட்டியவர் யமகதா. சைகோவின் தம்பி சுகுமிச்சியும் உறவினர் ஓயாமா இவாவோவும் அரசு பக்கம் நின்றார்கள். கட்டாயச் சேவையில் சேர்ந்த விவசாயப் பிள்ளைகள் குமமோட்டோ கோட்டையை ஐம்பது நாளுக்கு மேல் காத்தார்கள். செப்டம்பர் 24 அன்று ககோஷிமாவின் ஷிரோயாமா குன்றில் சைகோ இறந்தார். கிடோ அந்த மே மாதமே நோயில் மறைந்திருந்தார், வயது 43. 1878 மே 14 காலை, அரண்மனைக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்த ஒகுபோவை முன்னாள் சாமுராய்கள் சிலர் வெட்டிக் கொன்றார்கள். நாட்டின் மிகப் பெரிய அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த அவர், குடும்பத்துக்குக் கடனைத்தான் விட்டுச்சென்றார். ஓராண்டுக்குள் மூவரும் இல்லை.

சைகோவின் கலகத்தை அடக்கிய போருக்கு ஆன செலவு சுமார் 4.2 கோடி யென். அதற்காக அடித்த நோட்டுகள் பணவீக்கத்தை ஏற்றின. 1881இல் நிதியமைச்சரான சத்சுமாவின் மட்சுகடா மசயோஷி நோட்டுகளைத் திரும்பப் பெற்றார், செலவைச் சுருக்கினார், 1882இல் ஜப்பான் வங்கியை நிறுவினார். பொருளாதார நூல்கள் அவரைப் பாராட்டுகின்றன. கடனாளி நாடாகாமல் ஜப்பான் தப்பியதில் அவர் பங்கு உண்மையே. விலை கொடுத்தவர்கள் விவசாயிகள். நிலவரி பணமாகக் கட்டவேண்டிய நிலையான தொகை. அரிசி விலையோ மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. அதே வரிக்கு இரட்டிப்பு அரிசியை விற்க வேண்டும். நிலம் வட்டிக்காரர் கைக்குப் போனது, உழுதவர் குத்தகைக்காரர் ஆனார். 1884 நவம்பரில் டோக்கியோவுக்கு மேற்கே மலைப்பகுதியான சிச்சிபுவில் பட்டுப்புழு வளர்த்த விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு கடன் பத்திரங்களைத் தேடி அழித்தார்கள். அரசு படையை அனுப்பியது. அரசு நட்டத்தில் நடத்திவந்த தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் இதே காலத்திலும் பின்பும் தனியாருக்கு விற்கப்பட்டன. நாகசாகி கப்பல் தளம் மிட்சுபிஷிக்கும், மீகே நிலக்கரிச் சுரங்கமும் தொமியோகா பட்டாலையும் மிட்சுயிக்கும் போயின. பெரும் வணிகக் குடும்பங்களின் எழுச்சிக்கு இந்த விற்பனை ஒரு படி.

இப்போது மேடை இட்டோவுக்கும் யமகதாவுக்கும். நாடாளுமன்றம் வேண்டும் என்று இதாகாகி தொடங்கிய இயக்கம் ஊரெங்கும் பரவியிருந்தது. உள்ளேயே ஒகுமா ஷிகெனோபு பிரிட்டிஷ் முறையை விரைந்து கொண்டுவரச் சொன்னார். ஹொக்கைடோவின் அரசுச் சொத்துக்களை வேண்டியவர்களுக்கு அடிமாட்டு விலைக்குத் தரும் திட்டம் வெளிப்பட்டு மக்கள் கொதித்தபோது, 1881 அக்டோபரில் இட்டோ அணி ஒகுமாவை வெளியேற்றியது. 1890இல் நாடாளுமன்றம் கூடும் என்று பேரரசர் பெயரில் உறுதியும் தந்தது. இட்டோ பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் போய்ச் சட்ட அறிஞர்களிடம் படித்துத் திரும்பினார். 1885 டிசம்பரில் அமைச்சரவை முறை வந்தது, முதல் பிரதமர் இட்டோ. பத்துப் பேரில் சோஷு நால்வர், சத்சுமா நால்வர், தோசா ஒருவர். மீதி ஒருவர் எனொமோட்டோ தகேயாகி. ஹகோடதேவில் இந்த அரசை எதிர்த்துக் கடைசிவரை போரிட்டவர்! அவரைத் தோற்கடித்த சத்சுமாவின் குரோடா கியோதகாவே தலையை மழித்துக்கொண்டு அவர் உயிருக்காக மன்றாடியவர். திறமையுள்ள எதிரியைக் கொல்லாமல் வேலைக்கு எடுத்துக்கொண்ட இந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

1889 பிப்ரவரி 11 அன்று அரசியலமைப்பு மக்களுக்குப் பேரரசரின் கொடையாக வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில், 15 யென் நேர்வரி கட்டும் ஆண்களுக்கு மட்டுமே வாக்கு; அவர்கள் சுமார் 4.5 இலட்சம், மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். குறுகிய வாக்குரிமை அக்கால ஐரோப்பாவிலும் இருந்தது. இந்தச் சட்டத்தின் உண்மையான பள்ளம் வேறிடத்தில். பிரதமர் என்ற பதவியும் அமைச்சரவை என்ற அமைப்பும் அதில் குறிப்பிடப்படவே இல்லை. ஒவ்வோர் அமைச்சரும் தனித்தனியே பேரரசருக்குப் பொறுப்பு. படைகளின் தலைமை நேரே பேரரசருக்கு. அப்படியானால் அமைச்சரும் தளபதியும் முரண்பட்டால் யார் தீர்ப்பது? பேரரசர் அன்றாட அரசியலில் இறங்குவதில்லை. பிரதமரைத் தேர்ந்தெடுப்பதும், படைக்கும் அமைச்சுக்கும் இடையே பேசி முடிப்பதும் இட்டோ, யமகதா, குரோடா, மட்சுகடா, இனோவே, ஓயாமா, சைகோ சுகுமிச்சி ஆகிய சிலர் கையில் இருந்தது. கென்ரோ எனப்பட்ட இந்த மூத்தோர் குழுவைப் பற்றியும் சட்டத்தில் ஒரு சொல் இல்லை. ஒருவரோடொருவர் போர்க்களத்தில் நின்றவர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள், பெண் கொடுத்து எடுத்தவர்கள். அந்தப் பழக்கமே அரசின் அச்சாணி. அவர்கள் உயிரோடு இருந்தவரை அது சுழன்றது.

அவர்கள் தொடக்கத்தில் இழந்தவை திரும்பின. வெளிநாட்டாருக்கான தனி நீதியுரிமை 1899இல் முடிந்தது. தீர்வை உரிமை 1911இல் முழுமையானது. ஆனால் சீனாவோடும் ரஷ்யாவோடும் நடத்திய போர்களுக்கு இடையில் கொரியாவின் கழுத்தில் சுருக்கு இறுகிக்கொண்டே வந்தது. 1905 ஒப்பந்தத்தைக் கொரிய அமைச்சர்களிடம் வற்புறுத்திப் பெற்று, அங்கே முதல் தலைமை அதிகாரியாக அமர்ந்தவர் இட்டோ. 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் இரயில் நிலையத்தில் ஆன் ஜுங்-குன் அவரைச் சுட்டுக் கொன்றார். இருபது ஆண்டுகள் ஜப்பானின் ஆயிரம் யென் தாளில் இட்டோவின் முகம் இருந்தது. கொரியாவில் ஆன் ஜுங்-குன் நாட்டின் வீரர். இரண்டு நினைவுகளையும் சேர்த்துப் படிக்காமல் இந்த மனிதரை அறிய முடியாது. அந்நியரின் பீரங்கிக்கு முன் தலைகுனிந்த அவமானத்தை அறிந்தவர், அதையே அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனார்.

யமகதா நெடுநாள் இருந்தார். கட்சிகளை நம்பாதவர், 1900இல் இட்டோ செய்யுகாய் என்ற கட்சியைத் தொடங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம், தம் பிரதமர் பதவிக் காலத்தில், தரைப்படை அமைச்சரும் கடற்படை அமைச்சரும் பணியில் உள்ள தளபதிகளாகவே இருக்க வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தார். கட்சிக்காரர் கை இராணுவத்துக்குள் நுழையாமல் காக்கும் வேலி என்று அவர் நினைத்தார். அதன் மறுபக்கம் 1912 டிசம்பரில் வெளிப்பட்டது. கூடுதலாக இரண்டு படைப்பிரிவுகள் தர மறுத்த சையோன்ஜி கின்மோச்சியின் அமைச்சரவையிலிருந்து தரைப்படை அமைச்சர் விலகினார். படை வேறு ஆளை அனுப்பவில்லை. அமைச்சரவை விழுந்தது. அடுத்து வந்த சோஷுவின் கட்சுரா தாரோவை, நாடாளுமன்றத்தைச் சூழ்ந்த மக்கள் 1913 பிப்ரவரியில் பதவியிறங்க வைத்தார்கள். அவ்வாண்டே விதி தளர்ந்தது, ஓய்வுபெற்ற தளபதிகளும் அமைச்சராகலாம் என்று. யமகதா 1922இல் இறந்தார், மட்சுகடா 1924இல். கென்ரோவில் மிஞ்சியவர், அதில் பின்னாளில் சேர்ந்த சையோன்ஜி ஒருவரே.

1936 மே மாதம், இளம் அதிகாரிகளின் கலகத்துக்குப் பின், இராணுவம் அந்தப் பழைய விதியை மீண்டும் கொண்டுவந்தது. 1937 ஜனவரியில் பிரதமர் பதவி காலியானபோது, இராணுவத்தைக் கட்டுக்குள் வைக்கக்கூடியவர் என்று நம்பி, ஓய்வுபெற்ற தளபதி உகாகி கசுஷிகேவின் பெயரைச் சையோன்ஜி பரிந்துரைத்தார். பேரரசர் உகாகியை அழைத்து அமைச்சரவை அமைக்கச் சொன்னார். தரைப்படை அமைச்சர் பதவிக்கு ஆள் தர இராணுவம் மறுத்தது. பணியில் இல்லாத தளபதி என்பதால் உகாகி அந்தப் பதவியைத் தாமே வகிக்கவும் முடியவில்லை. சில நாள் முயன்றுவிட்டுப் பேரரசரின் கட்டளையைத் திருப்பி ஒப்படைத்தார். இராணுவம் ஏற்றுக்கொண்ட ஹயாஷி செஞ்சூரோ பிரதமரானார். அந்த ஜூலையில் சீனாவோடு முழுப்போர் தொடங்கியது.